மகாராணிக்குப் போட்ட தையல்

மகாராணியை வெட்டுவதற்கு முன்னால் டெய்லர் அக்கா சாக்கட்டியைத் தேடினாள். மெஷின் மேஜையின் இழுப்பறையைத் திறந்து, பாபின்களுக்கும் உடைந்த ஜிப்புகளுக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவி, தேய்ந்துபோன நீலக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தும்விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. துணியா வெட்டப் போகிறாள், கோடு போட்டுக்கொள்ள? உப்புத் தண்ணீரில் ஊறி வழவழவென்று கிடக்கிற ஓர் உயிரின் மேல் எந்தச் சாக்கட்டி எழுதும்? இத்தனை வருஷத் தொழிலில் கோடு போடாமல் அவள் எதையும் வெட்டியது கிடையாது. கோடு போட்ட பிறகும், ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் திறப்பாள். அப்படிப்பட்டவளைக் கண்ணளவில் வெட்டச் சொன்னால் எப்படி வெட்டுவாள்!

“என்ன அண்ணி தேடுறீங்க?” என்று தொட்டிப் பக்கத்திலிருந்து மிஸ் கேட்டாள்.

“என் புத்தியத்தான். எங்கயோ வச்சுட்டேன்.”

மிஸ் சிரித்தாள். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மிஸ் என்பது டெய்லர் அக்காவுடைய தம்பியின் மனைவி. தம்பி இப்போது இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் மிஸ் வேறொருவருக்கு மனைவியாகப் போகிறாள். போகும்போது மகாராணியில் பாதியை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். அதற்காகத்தான் இந்த வெட்டு.

மகாராணி ஒரு கடல்சாமந்தி. பேர்தான் சாமந்தி; பூவும் இல்லை, செடியும் இல்லை, அது ஒரு பிராணி. கண் இல்லை, காது இல்லை, எலும்பு இல்லை. பாறையைக் கவ்விக்கொள்ள அடியில் ஒரு கால், மேலே நடுவில் ஒரு வாய், வாய்க்குக் கீழே ஒரு வயிறு, வாயைச் சுற்றி நுனி உருண்ட விரல்கள் ஒரு கூட்டம். அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. ஏசி மெக்கானிக்காக இருந்த தம்பி அதைச் சட்டைப் பட்டன் அளவில் வாங்கிவந்து, ஹாலில் வைத்த கண்ணாடித் தொட்டியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்த்திருந்தான். விளக்கு எரிந்தால் விரியும். அணைந்தால் சுருங்கும். இடம் பிடிக்காவிட்டால் மெள்ள நகர்ந்து வேறு பாறைக்குக் குடிபோகும். “வாடகைக்கு இருக்கிறவ மாதிரி வீடு மாத்திக்கிட்டே இருக்கா பாரு” என்பான். அதன் விரல்களுக்குள்ளே இரண்டு கோமாளி மீன்கள் குடியிருந்தன. வேறு மீன் தொட்டால் சுட்டுவிடுகிற விரல்கள், இவர்களுக்கு மட்டும் மெத்தை. அந்த ஜோடியில் பெண் பெரிசு, ஆண் சின்னது. “நம்ம வீட்டு நியாயம்தான் அங்கயும்” என்று மிஸ்ஸைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

கடல்சாமந்தியை வெட்டினால் சாகாது, இரண்டாகும். மகாராணி தானே பிரிந்து போட்ட குட்டிகளை அவன் அப்படி வெட்டி, தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறான். புது பிளேடு, ஒரு பிளாஸ்டிக் பலகை, ஒரே இழுப்பு. வாய்க்கு நடுவாக வெட்ட வேண்டும். இரண்டு பாதிக்கும் வாயில் பங்கு போக வேண்டும். அதுதான் சூட்சுமம். வெட்டிய பாதி அப்படியே வளைந்து, தன் ஒரு ஓரத்தால் மறு ஓரத்தைத் தேடிப் பிடித்து, மூடிக்கொண்டு, முழுசாகிவிடும். முதல் தடவை பக்கத்தில் நின்று பார்த்த அக்கா, “டேய், ஓரம் அடிக்காம அப்படியே விட்டா பிரிஞ்சுடாதாடா?” என்று பதறினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “அது துணி இல்லக்கா. நீ ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும். சும்மா இருக்கிறதுதான் இதுல பெரிய வேல.” குட்டிகளை அத்தனை வெட்டியவன் மகாராணி மேல் மட்டும் பிளேடை வைத்ததே இல்லை. கேட்டால், அவ பெரிய மனுஷி, விடுக்கா, என்பான்.

அக்காவுக்கும் சும்மா இருப்பதற்கும் ஏழாம் பொருத்தம். கட்டிக் கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் அவள் திரும்பி வந்தபோது, ஊரில் எல்லோரும் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்டார்கள். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “மெஷின எங்க போடணும் சொல்லு.” ஹாலில் ஜன்னல் ஓரமாக இருந்த கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, மெஷினை வெளிச்சத்தில் வைத்தான். அடுத்த வருஷம் ஒரு மழலையர் பள்ளியில் ஏசி பழுது பார்க்கப் போனவன், அங்கே குழந்தைகளுக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்த டீச்சரைப் பார்த்து மயங்கி, கல்யாணமும் பண்ணிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டான். அக்காவுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. மிஸ்ஸு, சாப்பிட வா. மிஸ்ஸு, மாடியில துணி காயுது பாரு.

பிறகு ஒரு நாள், மூன்றாவது மாடிக்கு வெளியே மாட்டியிருந்த ஏசியைக் கழற்றப் போனவன் திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல அக்காவுக்கு இன்றைக்கும் வாய் வராது. அந்த நாட்களில் தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. மகாராணி ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கி, சாம்பல் நிறமாகி, அதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். கூட்டம் வடிந்து வீடு வெறிச்சோடிய காலையில், அதுவரை வாயே திறக்காமல் கிடந்த மிஸ், “அண்ணி! அண்ணி, இங்க வாங்க!” என்று கத்தினாள். அக்கா ஓடிப்போய்ப் பார்த்தால், மகாராணி தட்டாக விரிந்து, அத்தனை விரல்களையும் ஆட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பெண்களும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுத அழுகை, அவன் போன அன்றைக்குக்கூட அழாத அழுகை.

அன்றிலிருந்து அந்தத் தொட்டிக்கு இரண்டு முதலாளிகள். சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்துத் தண்ணீரைப் பரிசோதிப்பது மிஸ்ஸின் பொறுப்பு. உப்பு கரைப்பதும் தீனி போடுவதும் அக்கா. “அண்ணி, இது ஜாஸ்தி, அஜீரணமாயிடும்.” “எனக்குத் தெரியும், நீ உன் வகுப்புல போய்ச் சொல்லு.” இப்படி தினமும் நடக்கும். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரைக்கு அடியில் ஒரு வாரம் தாங்காது என்று சொன்ன உறவெல்லாம் வாயடைத்துப் போயிற்று. வருஷங்கள் ஓடின. ஒரு நாள் மிஸ் தலைவாரும்போது காதோரத்தில் ஒரு நரை தெரிந்தது. அன்றைக்கு அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, “நீ கல்யாணம் பண்ணிக்க” என்றாள்.

ஆமாம், அவளேதான் சொன்னாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். மிஸ் மாட்டேன் என்றாள், அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள். “என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு கிடந்து கிழவி ஆகப் போறியா? உனக்கு ஒண்ணு ஆனா நான் இருக்கேன். எனக்கு அப்புறம் உனக்கு யாரு இருக்கா?” என்று அக்கா விடவில்லை. மாப்பிள்ளையைக் கண்டுபிடித்ததும் அவள்தான். பேண்ட் தைக்க வந்த கண்ணாடிக் கடைக்காரர்; ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுத் தான் மட்டும் கல்யாணம் ஆகாமல் நின்றுவிட்டவர். இடுப்பளவு எடுக்கும்போது முக்கால்வாசி ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இந்த மனுஷர் இழுக்கவில்லை. வயிற்றில் பொய் சொல்லாதவன் வாயிலும் சொல்லமாட்டான் என்பது அக்காவின் கணக்கு. எல்லாம் கூடிவந்தது. கூடி வரவர, மெஷின் மிதிக்கும்போது தையல் கோணிக்கொண்டு போவதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தேதி குறித்த பிறகு மிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அண்ணி, மகாராணியில ஒரு துண்டு மட்டும்… எனக்குத் தருவீங்களா? அவர்கிட்ட சொல்லிட்டேன். தொட்டி வாங்கி, தண்ணி ஊத்தி, இப்பவே ஓட விட்டிருக்கார்.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. மகாராசியாய்ப் போகிறவளுக்குத் தம்பி வளர்த்தது எதற்கு? அவளுக்கு ஒரு புருஷன் வருகிறான், ஒரு வீடு வருகிறது, நாளைக்குப் பிள்ளை குட்டியும் வரும். இங்கே மிச்சமிருப்பது இந்த ஒன்றுதானே? கடையில் போனால் வேறு கடல்சாமந்தி கிடைக்காதா? கிடைக்கும்தான். அவன் விரல் பட்டதாக இருக்காது. அது அக்காவுக்குத் தெரிந்த மாதிரியே மிஸ்ஸுக்கும் தெரியும். “அதுக்கென்ன, தந்தாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

இப்போது பலகை மேல் மகாராணி கிடந்தது. பாறையிலிருந்து காலைப் பிரித்தெடுக்கவே பாதி காலைப்பொழுது போயிற்று. தண்ணீருக்கு வெளியே வந்ததும் தட்டாக விரிந்த ராஜாத்தி கொழகொழவென்று ஒரு பிடிக்குள் அடங்கிவிட்டாள். பட்டன் போட்டு வைக்கும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதிகளை வைப்பதற்குத் தயாராகத் தொட்டிக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் பம்ப் இழுத்துக் கூழாக்கிவிடும். சிவப்பு நூல் கட்டியது மிஸ்ஸுக்கு, வெள்ளை நூல் கட்டியது அக்காவுக்கு. மிஸ் டார்ச் அடித்துக்கொண்டு நின்றவள், பிளேடு தொட்டதும், “ஐயோ, என்னால பாக்க முடியல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா இழுத்தாள். ஒரே இழுப்புதான். ஆனால் கோடு போடாத வெட்டு, ஒரு விரற்கடை விலகிப் போயிற்று. வாய் சரிபாதியாகப் பிரியவில்லை. ஒரு துண்டு பெரிசு, வாயில் முக்கால் பங்கு அதில். மற்றது சின்னது, வாய் பேருக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான். மிஸ்ஸின் முகம் இன்னும் சுவர்ப் பக்கம் இருந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? அக்கா பெரியதை வெள்ளை நூல் டப்பாவிலும் சின்னதைச் சிவப்பு நூல் டப்பாவிலும் போட்டு மூடினாள்.

“ஆச்சா அண்ணி?”

“ஆச்சு. சரிபாதி.”

மறுநாள் மிஸ் கல்யாண வேலைகளுக்காகத் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வீட்டில் அக்காவும் இரண்டு டப்பாவும். மீன்கள் இரண்டும் வீடு இடிந்தவர்களைப் போல இந்த டப்பாவுக்கும் அந்த டப்பாவுக்கும் அலைந்தன, ஓட்டைகளில் மூக்கை வைத்துப் பார்த்தன. சிவப்பு நூல் டப்பாவில் இருந்த சின்னது, வைத்த கொஞ்ச நாளிலேயே சுருண்டு, வளைந்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சோழி போல மூடிக்கொண்டுவிட்டது. பெரியது மூடவில்லை. பெரியதுக்குக் காயமும் பெரிசு இல்லையா! கிழிந்த பை போல வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வயிற்றுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாகச் சரடுகள் வெளியே தொங்கின. தைக்க வந்தவர்கள் கொடுத்த அளவை எல்லாம் அக்கா தப்பாக எழுதினாள். ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவைத்தாள். மனசெல்லாம் தொட்டியில்.

சும்மா இரு என்று அவன் சொன்னது நினைவில் இல்லாமலா போகும்? இருந்தது. காதிலேயே இருந்தது. ஆனால், பிரிந்து தொங்குகிற எதையும் கண்ணெதிரே விட்டு வைத்துப் பழகியவள் இல்லையே அவள். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவள் தோளில் தையல் விட்டிருந்தால்கூடக் கைப்பையிலிருந்து ஊசி எடுக்கிறவள். ஒரு மத்தியானம், ஜார்ஜெட்டுக்குப் போடுகிற ஆக மெல்லிய ஊசியை உப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய வெள்ளை நூலைக் கோர்த்து, டப்பாவிலிருந்த பெரிய துண்டை ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத் தண்ணீருக்குள்ளேயே கையை வைத்துத் தைத்தாள். சதை நழுவியது. வெந்த முட்டையின் வெள்ளையைத் தைப்பது போலிருந்தது. அதன் விரல்கள் அவள் மணிக்கட்டில் ஒட்டி ஒட்டிச் சுட்டன. விடவில்லை. ஓரத்தோடு ஓரம் வைத்து, சரடுகளை உள்ளே தள்ளி, நாலே நாலு தையல். முடிச்சு தெரியாமல் உள்ளே மறைத்தாள். அவள் வாழ்நாளில் போட்ட தையல்களிலேயே அதுதான் அழகான தையல்.

அது மூடியிருந்தது. அசல் மகாராணி மாதிரி வட்டமாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் மிஸ் போன் பண்ணியபோது அக்காவின் குரலில் துள்ளல்.

“மூடிடுச்சு மிஸ்ஸு, ரெண்டுமே மூடிடுச்சு!”

“நிஜமாவா? நீங்க கெட்டிக்காரி அண்ணி.”

“பின்ன! யாரு அக்கா நான்?”

டெய்லர் அக்காவுக்குத் தெரியாததா? வளர்கிற குழந்தைக்குத் தைத்தால் மடிப்புக்குள் துணி விட்டுத் தைப்பாள். அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தைத்தால் பக்கவாட்டில் பிடி விடுவாள். ஆனால் இந்த உயிர் விளக்கு எரிந்தால் ஊதும், அணைந்தால் சுருங்கும், ஒரே நாளில் நாலு மடங்கு பெரிதாகி நாலு மடங்கு சின்னதாகும் என்பதை, தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த மத்தியானம் மறந்துபோனாள். சுருங்கிக் கிடந்தபோது அளவெடுத்து இறுக்கிவிட்டாள். காலையில் விளக்கு எரிந்து அது விரியப் பார்த்தபோது, நூல் அறுபடவில்லை. நல்ல நூல். சதைதான் அறுந்தது. தையல் போட்ட நாலு இடத்திலும் நாலு பிளவு, காயத்துக்கு மேல் காயம். நூலை உருவப் பார்த்தாள். சதையும் சேர்ந்து வந்தது. அடுத்த நாள் தண்ணீரில் ஒரு வாடை. வெள்ளையாக ஏதோ கரைந்து, டப்பாவின் ஓட்டைகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

இதற்கும் அவன் ஒரு விதி சொல்லியிருந்தான். “ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா உடனே தூக்கிடணும்க்கா. பாவம் பாத்தா மொத்தத் தொட்டியும் போயிடும்.” அக்கா பாவம் பார்த்தாள். காலையிலிருந்து பார்த்தாள். ஒரு விரல், ஒரே ஒரு விரல் அசைந்த மாதிரி இருந்தது. பம்ப் தண்ணீரில் ஆடியிருக்கும். சின்ன மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சிவப்பு நூல் டப்பாவில் மிஸ்ஸுடைய துண்டும் முகம் வாடியிருந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. தன்னுடையதை இரண்டு கையாலும் அள்ளி வெளியே எடுத்தாள். விரல் சந்துகளில் அது வழிந்தது. “நீ சொன்ன ஒரு பேச்ச கேக்கல பாருடா, ஒரே ஒரு பேச்ச” என்று தம்பியிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கைக்குள் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு முழுக்க நடந்தாள். கடைசியில் வாசலில் இருந்த பூந்தொட்டி மண்ணில் குழி தோண்டி வைத்தாள். அன்று முழுக்கத் தண்ணீர் மாற்றினாள், உப்பு கரைத்தாள், மாற்றினாள். மீன்கள் பிழைத்தன. மிஸ்ஸுடைய துண்டு மறுபடி நிறம் பிடித்து, குட்டி குட்டி விரல்களை வெளியே நீட்டியது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தது என்ன, முன்னமே வந்து வாசலில் காத்திருந்த மாதிரி உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது. எது யாருடையது என்று நூலுக்குத்தானே தெரியும்? அவிழ்த்து மாற்றிக் கட்டினால் ஆயிற்று. மிஸ்ஸுக்கு என்ன குறை? அழுவாள், கண்ணாடிக் கடைக்காரர் வேறொன்று வாங்கிக் கொடுப்பார், ஆறிப்போகும். எனக்கு யார் வாங்கித் தருவார்கள்? வாங்கித் தந்தாலும் எதை வாங்கித் தருவார்கள்? அக்கா சிவப்பு நூலை வெட்டியெடுத்துவிட்டு, அந்த டப்பாவில் வெள்ளை நூலைக் கட்டினாள். காலி டப்பாவைக் கழுவி, பழையபடி பட்டன்களைப் போட்டு வைத்தாள். சொல்லவேண்டியதை மெஷின் மிதித்துக்கொண்டே பல தடவை சொல்லிப் பார்த்தாள். உன்னோடது தாங்கல மிஸ்ஸு. சின்னதா இருந்துச்சுல்ல. சொல்லச் சொல்ல நிஜம் போலவே இருந்தது.

மிஸ் வந்த அன்று வாசலில் கார் நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் ஐஸ் பெட்டியும் பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயுமாக இறங்கி, “உள்ள நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, நான் இங்கயே இருக்கேன்” என்று வெளியிலேயே நின்றுகொண்டார். மிஸ் ஓடிவந்து நேராகத் தொட்டிக்குப் போனாள். குனிந்தாள். ஒரே ஒரு டப்பா. வெள்ளை நூல். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“என்னோடது போயிடுச்சா அண்ணி?”

சொல்லிப் பார்த்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் மிஸ் அதற்குள் பேசிவிட்டாள். “பரவால்ல. பரவால்ல அண்ணி. போனா என்னோடதுதான் போகணும்னு வேண்டிக்கிட்டேன். வெட்டுன அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன், ரெண்டுல நல்லா இருக்கிறத நீங்களே எடுத்துக்கோங்கன்னு. நான் போறவ. நீங்கதான தனியா…” புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்காமலே கொடுக்கத்தான் நினைத்திருக்கிறாள். அக்கா டப்பாவில் கட்டியிருந்த வெள்ளை நூலைப் பார்த்தாள். இவளிடமா திருடினேன்? இந்தக் குழந்தையிடமா?

“அட லூசு,” என்றாள். தன் குரல் எப்படி அவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். “யாரு போச்சுன்னா? இதுதான் உன்னோடது. சிவப்பு நூலு தண்ணியில சாயம் விடும்னு வெள்ளைய மாத்துனேன். என்னோடது பெரிய மனுஷி ஆயிட்டா. டப்பாவத் தாண்டி நடந்து போய், பாறைக்குப் பின்னால சந்துல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கிறா. அவ அம்மா மாதிரியே.”

மிஸ் பாறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். டார்ச்சை எடுத்தாள்.

“அடிக்காத அடிக்காத, சுருங்கிடுவா.”

மிஸ் டார்ச்சை வைத்துவிட்டாள். மீன்களைப் பார்த்தாள். அவை பாறைப் பக்கம் போகவே இல்லை. டப்பாவின் ஓட்டையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றன. இத்தனை வருஷம் இந்தத் தொட்டியைப் பார்த்தவளுக்கு மீன் எங்கே நிற்கும் என்று தெரியாதா? பிறகு அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். மணிக்கட்டின் உள்பக்கம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தால்தான் அது அப்படிச் சுடும். மிஸ் அந்தத் தடிப்புகள் மேல் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே நின்றாள். அக்காவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அப்ப நான் இத எடுத்துக்கட்டுமா அண்ணி?”

“எடுத்துக்க. அதுக்குத்தான வந்த. கொஞ்ச நாளைக்குத் தீனி போட்றாத, வாய் இன்னும் சரியா ஆறல. ஒண்ணும் பண்ணாத. சும்மா இரு, அது போதும்.”

தொட்டித் தண்ணீரையே பையில் பிடித்து, துண்டை அதில் இறக்கி, காற்றடைத்து ரப்பர் போட்டார்கள். ஒருத்தி பிடிக்க ஒருத்தி கட்ட, எப்போதும் செய்கிற மாதிரி. அக்கா வலையை எடுத்து மீன்கள் பக்கம் நீட்டினாள். “இதுங்களையும் கொண்டுபோ. அது இல்லாம இதுங்க இருக்காது.” மிஸ் வலையை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள்.

“மீனு ரெண்டும் இங்கயே இருக்கட்டும் அண்ணி. பாறைக்குப் பின்னால இருக்கிறவ வெளிய வந்தா அவளுக்கு வேணும்ல.” சொல்லும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. “இது வளர்ந்து தட்டு மாதிரி ஆனதும் நானே வெட்டி எடுத்துட்டு வருவேன். வருவேன் அண்ணி.”

“வராம எங்க போவ,” என்றாள் அக்கா. பையை மடியில் வைத்துக்கொண்டு மிஸ் காரில் ஏறினாள். கண்ணாடிக் கடைக்காரர் மேடு பள்ளத்தில் ஆடாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்புகிறவரை அக்கா வாசலில் நின்றாள். திரும்பிய பிறகும் நின்றாள். பிறகு, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவளைப் போல அவசரமாக உள்ளே வந்தாள்.

டப்பாவை வெளியே எடுக்க வேண்டும். முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, வெள்ளை நூலின் முடிச்சைத் தேடினாள். இறுக்கிக் கட்டியிருந்தது, அவள் கட்டியதாயிற்றே. அவிழ்க்க அவிழ்க்க நேரமாயிற்று. அப்போது மணிக்கட்டில் ஏதோ மெத்தென்று உரசியது. பெரிய மீன். விரல்களை முகர்ந்து பார்த்தது, விலகிப் போயிற்று, மறுபடி வந்தது. நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உடம்பை நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தேய்த்துக்கொண்டது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். “அக்கா, யூனிஃபார்ம் ஆச்சா? புள்ளைக்கு நாளைக்கு வேணும்.”

“ஆச்சு. கொஞ்சம் இருங்க, வர்றேன்.”

சின்ன மீனும் வந்து, இடம் பார்த்து, கட்டைவிரலின் அடியில் ஒதுங்கியது. டெய்லர் அக்கா முடிச்சை விட்டுவிட்டாள். தண்ணீருக்குள் ஐந்து விரல்களையும் மெல்ல விரித்து, அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டாள்.